அக்கராயன் பஸ்ஸின் பச்சைப் புள்ளி

ஜூன் 2, திங்கள்

இரத்தத்தில் சீனி கூடத்தான். நேற்று ஒரு மாம்பழம் என்னைப் பார்த்துச் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

இந்த டயறி சீனி அளவு எழுதுவதற்குத்தான். மகள் யதுர்ஷிகா வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஏதோ கொம்பனி கொடுத்ததாம். "காலமை காலமை அளவை மட்டும் எழுதுங்கோ அப்பா, கிளினிக்கில கேப்பினம்" என்று தந்தாள். ஒரு பெரிய பக்கத்தில் ஒரு சொல்லை எழுதிப்போட்டு மூட எப்படி மனம் வரும்? ஐந்தாம் வகுப்போடு இடம்பெயர்ந்து போன எனக்கு இவ்வளவு வெள்ளைத் தாளை ஆரும் தந்ததில்லை. எழுதுகிறேன். டொக்டர் வாசித்தால் அவர் பாடு.

இன்று புது வேலை. கிளிநொச்சி பஸ் ஸ்ராண்டில் எங்கள் தனியார் பஸ் சங்கத்துக்கு ஒரு சின்ன அறை இருக்கிறது. பஸ் வெளிக்கிடுவதை அறிவிக்கும் மைக் அங்கேதான். இப்போது அதற்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர். சங்கத்து பஸ்கள் எல்லாம் அதற்குள் புள்ளி புள்ளியாக ஊர்கின்றன. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு கறுத்தப் பெட்டி பூட்டியிருக்கிறார்கள். அது மேலே செய்மதியோடு கதைக்குமாம். அளவாக ஓடினால் புள்ளி பச்சை. பறந்தால் சிவப்பு, கூடவே கீ என்று ஒரு சத்தம். ஒரு கிழமைக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் அந்த றைவரின் பெயரை நான் ட்ராபிக் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும். ஒரு மாதத்துக்கு அவர் ஸ்ரேரிங்கில் கை வைக்க ஏலாது.

இருபது வருசத்துக்கு மேல் அக்கராயன் பஸ் ஓடியவன் நான். சீனி வருத்தம் இடது கண்ணை மங்கலாக்கிய பிறகு சங்கத் தலைவர் தந்த கதிரை இது. "ராசண்ணை, றைவர்மாரின்ர களவெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். புகழ்ந்தாரா, பகிடி விட்டாரா, இன்னும் விளங்கவில்லை.

இருக்க முடியவில்லை. மேசைக்குக் கீழே வலது கால் தன்பாட்டில் பிரேக்கைத் தேடுகிறது. ஒன்றும் இல்லாத இடத்தை நாள் முழுக்க மிதித்துவிட்டு வந்து இப்போது தொடை நோகிறது.


ஜூன் 4, புதன்

சீனி பரவாயில்லை.

வேலை பிடித்துக்கொண்டது போலவும் இருக்கிறது, பிடிக்காதது போலவும் இருக்கிறது. போனில் எல்லாரையும் சீண்டலாம், அது நல்லம். பளை பஸ் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. எடுத்து, "என்ன, அங்க கலியாண வீடோ, சாப்பிட்டுட்டுத்தான் வருவியோ" என்று கேட்டேன். தூஷணம்தான் பதில் வந்தது. பழைய சிநேகிதர்களோடு பேசியது போல ஒரு சந்தோசம்.

ஆனால் காலையில் ஏழு மணி பஸ் அக்கராயனில் இருந்து வெளிக்கிட்டதும் அந்தச் சந்தோசம் போய்விடும். நான் ஓடிய பஸ். இப்போது ஓடுவது தயாபரன், என் மனைவி இராசமலரின் தம்பி. பஸ் முதலாளியிடம் சொல்லி அவனை அந்தக் கதிரையில் ஏற்றியதே நான்தான். அந்தப் பஸ்ஸில்தான் யதுர்ஷிகா வேலைக்கு வருகிறாள். நான் பால் லொறியில் விடியவே வந்துவிடுவேன். அவளை நான் புள்ளியாகத்தான் பார்க்கிறேன்.

கோணாவிலில் இருந்து இன்னொரு பஸ் அதே நேரத்துக்குக் கிளம்பும். சந்திக்கு ஆர் முதலில் வருகிறானோ அவனுக்குத்தான் ஆக்கள். இந்த ஓட்டப்போட்டி எனக்குத் தெரியாததா?

இன்று முதல் சிவப்பு. கீ.

எடுத்தேன். "மச்சான், உருண்டு வாறியோ, பறந்து வாறியோ?"

"உங்கட பெட்டிக்கு விசர் அத்தான். நான் ஆறுதலாத்தான் வாறன்."

அவன் குரலுக்குப் பின்னால் ஜன்னல் காற்று இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டு வேகம் சொல்வேன் நான். பெட்டி தேவையில்லை.


ஜூன் 6, வெள்ளி

இரண்டாவது சிவப்பு. அதுவும் மதகடி வளைவில்.

உடனே போன் எடுத்தேன், அதே ஜன்னல் காற்று இரைந்தது. ஸ்ராண்டுக்கு அவன் பஸ் வந்ததும் இறங்கிப் போனேன். யதுர்ஷிகா என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுக் கடைக்கு ஓடிவிட்டாள். அவள் முகம் வெளிறியிருந்ததா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா?

தயாபரன் ரயரைத் தட்டிக்கொண்டு நின்றான். கதிரை கிடைத்தவுடன் நான் பொலிசாக மாறிவிட்டேன் என்றான். ஓம், வாற கிழமை தொப்பியும் வருது என்றேன். அவன் சிரிக்கவில்லை. பகிடிக்குச் சிரிக்காத மனிதனோடு எப்படிக் கதைக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் நேராகச் சொன்னேன்.

"தயா, இனி ஒண்டு விழுந்தா உன்ர பேரை நான்தான் குடுக்கவேணும். என்னைக் கொண்டு அதைச் செய்விக்காத."

"சரி அத்தான். விழாது" என்றான்.

நாளை சனி ஓடினால் கிழமை முடிந்துவிடும். முடியட்டும்.


ஜூன் 9, திங்கள்

சனி விழவில்லை. இன்றும் விழவில்லை.


ஜூன் 11, புதன்

அக்கராயன் பஸ் பச்சை. குளத்தில் பாசி பிடித்தது போலப் பச்சை.


ஜூன் 13, வெள்ளி

சீனி நல்லம். மனம் சரியாக இருந்தால் சீனியும் அடங்குகிறது என்று நினைக்கிறேன்.

கிழமை முழுக்க தயாபரனுக்கு ஒரு கீ கூட இல்லை. இரவு சாப்பிடும்போது அளந்து தள்ளினேன். பொலிஸ் சொல்லி, தலைவர் சொல்லி, பெட்டி சொல்லிக் கேட்காதவன் நான் ஒரு வார்த்தை சொன்னதும் கேட்டுவிட்டான் என்றேன். இராசமலருக்கும் பெருமை. தன் தம்பி சின்ன வயதிலேயே சொல் கேட்கிற பிள்ளை என்றாள். அவன் சின்ன வயதில் எங்கள் சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்ட கதையை நான் எடுக்கவில்லை.

யதுர்ஷிகா தலையைக் குனிந்து புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினது போலவும் இருந்தது. இந்த வெக்கையில் நீளக்கைச் சட்டை வேறு. கேட்டால் இப்போதைய ஸ்ரைல் என்றாள்.


ஜூன் 17, செவ்வாய்

கிளினிக். வலது கண்ணுக்குப் புதுக் கண்ணாடி. இடது கண் மங்கல் மங்கல்தான், அதற்கு யாழ்ப்பாணம் போகவேணுமாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து இராசமலரைப் பார்த்து, "ஐயோ, இதாரு, கலியாணம் கட்டேக்குள்ள வேற ஆளெல்லோ" என்றேன். அகப்பை வந்தது. நல்ல வேளை, வந்தது வலது பக்கம்.


ஜூன் 18, புதன்

என்ன கோதாரி இது?

புதுக் கண்ணாடியோடு முதல் முறையாகத் திரையை வடிவாகப் பார்த்தேன். இவ்வளவு நாளும் நிறத்தையும் சத்தத்தையும் நம்பித்தான் இருந்தேன். இன்றுதான் வீதிகளும் ஒழுங்கைகளும் எனக்குக் கோடாகத் தெரிந்தன. அக்கராயன் பஸ்ஸின் புள்ளி கந்தபுரத்தில் ஒரு ஒழுங்கைக்குள் நின்றது. பிறகு கொஞ்சம் நகர்ந்து நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம். வீட்டுக்கு வீடு, படலைக்குப் படலை நின்று போனது.

அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். அதற்குள் உழவு மெசினே திரும்பாது.

அது போதாதென்று ஜன்னலால் வெளியே பார்த்தேன். அக்கராயன் பஸ் ஸ்ராண்டில் நின்றது. தயாபரன் மிதிபலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தான். திரையில் புள்ளி கந்தபுரத்தில். ஜன்னலில் பஸ் கிளிநொச்சியில். இவ்வளவு நாளும் நான் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை. ஒருநாளும் பார்க்கவில்லை. கண் மங்கல் என்று சொல்லித் தப்பலாம். கழுத்தைத் திருப்புவதற்குக் கண்ணாடி தேவையா?

ஆரிடமும் சொல்லவில்லை.


ஜூன் 19, வியாழன்

படலைக்குப் படலை நிற்கிற வாகனம் எது? நேற்று முழுக்க அதே யோசனை. இன்று காலை பால் லொறியில் வரும்போது பிடிபட்டது.

அறைக்குப் போய், புள்ளி கந்தபுரத்துக்கு வரும் வரைக்கும் இருந்து, நல்லதம்பிக்குப் போன் எடுத்தேன். நல்லதம்பி எங்கள் ஊர் பாண்காரன். பேக்கரி அக்கராயனில். ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு காலையில் கந்தபுரம், கோணாவில் என்று விற்றுக்கொண்டே கிளிநொச்சி ரவுண் வரைக்கும் வந்து, பின்னேரம் அதே வீதியால் திரும்புகிறவன். தயாபரனோடு ஒரு கோப்பையில் சாப்பிடுகிற சிநேகிதன்.

அந்த டிங் டிங் பாட்டுக் கேட்டது. இரண்டு பாண் ஒதுக்கி வைக்கச் சொன்னேன். எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

"பிள்ளையார் கோயிலடியில அண்ணை."

திரையில் அக்கராயன் பஸ் பிள்ளையார் கோயிலடியில் நின்றது.

நல்லதம்பி, உன்ர ஓட்டோ சீற்றுக்குக் கீழ என்ன கிடக்கு என்று கேட்டேன். பாட்டு நின்றது. பிறகு போனும் நின்றது.

பெட்டியைக் கழற்றி ஓட்டோ பற்றறியில் கொழுவியிருக்கிறான்கள். பாண் விற்கிறவன் வேகமாக ஓடினால் ஆர் வாங்குவது? அதுதான் அவ்வளவு பச்சை. நான் ஊர் முழுக்கச் சீண்டித் திரிகிறவன், என்னை ஒரு பாண் ஓட்டோவில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறான் என் மச்சான். ஸ்ராண்டில் எல்லாருக்கும் தெரியுமாம், பிறகு கேள்விப்பட்டேன். நானாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பின்னேரம் வீட்டில் யதுர்ஷிகாவின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தேன். முழங்கையில் இருந்து மேலே மங்கத் தொடங்கிய நாவல்பழ நிறம். அன்றைக்கு மதகடி வளைவில் பிரேக் போட்டபோது கம்பியில் அடிபட்டதாம்.

"மாமா சொல்லவேண்டாம் எண்டவர் அப்பா. அவருக்கு வேலை போயிடும் எண்டவர்."

பிள்ளை கையை மறைச்சுக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளுக்கு முன்னால இருந்து பெருமை அடிச்சிருக்கிறன். பச்சை, பச்சை எண்டு. நான் என்ன மனிசன்?


ஜூன் 20, வெள்ளி

இரண்டு வழி இருந்தது. எழுதிக் கொடுத்தால் வேகத்துக்கு மட்டுமில்லை, பெட்டியைக் கழற்றியதற்கும் சேர்த்துப் பிடிப்பார்கள். ஒரு மாதத்தோடு போகாது, சிலவேளை அவன் இனி பஸ்ஸே ஓட ஏலாமல் போகும். இராசமலர் என்னை மன்னிக்கமாட்டாள். எழுதாமல் விட்டால் யதுர்ஷிகா நாளைக்கும் அதே பஸ்ஸில், அதே வளைவில். வேறு பஸ்ஸில் போ என்று சொல்ல எங்கள் ஊருக்கு வேறு பஸ் எங்கே?

எனக்குத் தெரிந்த பிறகும் இன்று புள்ளி ஒழுங்கைக்குள்தான், அத்தான் காட்டிக்கொடுக்கமாட்டார் என்ற துணிவு. காலையில் இருந்து எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன். பக்கத்துக் கடைக்காரன், அண்ணை கதிரையில முள்ளோ என்று கேட்டான்.

பிறகு மூன்றாவது வழி வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி. பகிடி. ஸ்ராண்ட் முழுக்கச் சிரித்தால் அவன் வெட்கத்தில் பெட்டியைத் திருப்பிப் பூட்டுவான், எழுத்தில் ஒன்றும் வராது, ஒருவருக்கும் வேலை போகாது.

அவன் பஸ் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றதும் மைக்கைப் போட்டேன்.

"பயணிகளின் கவனத்துக்கு. அக்கராயன் பஸ் இப்ப கந்தபுரம் ஒழுங்கைக்குள்ள பாணும் பணிசும் வித்துக்கொண்டு நிக்குது. சங்கத்துப் பெட்டி அப்பிடித்தான் சொல்லுது. இஞ்ச முன்னால ஒரு பஸ் நிண்டா ஒருத்தரும் ஏறவேண்டாம், அது ஆவி."

ஸ்ராண்ட் அதிர்ந்தது. கொண்டக்டர்மார் தகரத்தில் தட்டிச் சிரித்தார்கள். பஸ்ஸுக்குள் இருந்த ஆக்களும் சிரித்தார்கள். தயாபரன் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். நல்லாத்தான் சிரித்தேன்.

அப்போதுதான் என் இடது பக்கத்தில், மங்கல் கண் பக்கத்தில், வாசலில் நின்றவர் குனிந்து கேட்டார்.

"ராசு ஐயா, அந்தப் பணிஸ் கதை எனக்கும் சொல்லுங்க."

ட்ராபிக் சார்ஜன்ட். தேத்தண்ணிக் கோப்பை கையில். சிங்கள ஆள், ஆனால் எங்கள் தமிழ் எல்லாம் விளங்கும். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

நான் வாயைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. அவர் திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அந்த மனிதன் கழுத்தைத் திருப்பினார், அவ்வளவுதான்.


ஜூன் 21, சனி

சீனி பார்க்கவில்லை.


ஜூன் 23, திங்கள்

தலைவர் பொலிசோடு நிறையக் கதைத்து, கோட்டு வழக்காகப் போகாமல் மறித்தார். தயாபரனுக்கு ஒரு மாதம் ஸ்ரேரிங் இல்லை. பெட்டியைப் புதுச் சீல் வைத்துப் பூட்டியாகிவிட்டது. நல்லதம்பியின் ஓட்டோவையும் கவிழ்க்காத குறையாகத் தேடினார்களாம், தட்டில் இருந்த பணிஸ் எல்லாம் மண்ணாம்.

தலைவர் இன்னொன்றும் சொன்னார். அந்த ஒரு மாதமும் தயாபரன் சங்கத்து அறையில் எனக்கு உதவியாக இருந்து திரை பார்க்கவேணும். என் கண்ணுக்கும் ஒரு துணையாம்.

எனக்குத் துணை. நல்ல துணை.


ஜூன் 24, செவ்வாய்

இராசமலர் சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விடுகிறாள். குழம்பில் உப்பில்லை. உப்பெங்கே என்று கேட்டேன். "மைக்கில கேளுங்கோ" என்றாள். மூன்று நாளில் அவள் என்னோடு கதைத்த முதல் கதை அதுதான். நல்ல பகிடிதான், சிரிக்கத்தான் ஏலவில்லை.

நல்லதம்பியின் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்கு வருகிறது. எல்லாப் படலையிலும் நிற்கிறது. எங்கள் படலைக்கு வந்ததும் பாட்டைக் கூட்டிப் போட்டுக்கொண்டு நிற்காமல் போகிறது.


ஜூன் 26, வியாழன்

தயாபரன் வந்து இருந்தான். கதிரையை எனக்கு முதுகு தெரிகிற மாதிரித் திருப்பிப் போட்டான். இரண்டு தரம் நான் எதையோ சொல்லித் தொடங்கினேன். அவன் எழும்பிப் போய்த் தண்ணி குடித்துவிட்டு வந்தான். ஒரு நாளில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு தண்ணி தேவைப்படுமா?

நான் பகிடி விட்டது அவனைக் காப்பாற்றத்தான். இதை அவனிடம் சொன்னால் நம்புவானா? நானே இப்போது முழுக்க நம்புகிறேனா? மைக்கைப் பிடித்தபோது எனக்குள் இருந்தது யதுர்ஷிகாவின் கையா, ஸ்ராண்டின் சிரிப்பா? இரண்டும்தான். பிறகு எழுதினால் எல்லாம் நல்லெண்ணமாகத்தான் தெரிகிறது.


ஜூலை 1, செவ்வாய்

ஏழு மணி பஸ்ஸை இப்போது கிருசாந்தன் ஓடுகிறான். மீசை முளைத்ததும் லைசென்ஸ் எடுத்தவன். தயாபரன் பறந்தாலும் வீதி தெரிந்து பறப்பான். இவனுக்கு வீதியும் தெரியாது, பயமும் தெரியாது.

கீ.

எடுத்தேன். கிருசாந்தன் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். தயாபரனின் முதுகு ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.


ஜூலை 3, வியாழன்

இன்று அவன் கதிரையைத் திருப்பினான். என்னைப் பார்க்க இல்லை, திரையைப் பார்க்க. அக்கராயன் புள்ளி குளக்கட்டால் வந்துகொண்டிருந்தது, தத்தித் தத்தி, ஒவ்வொரு தத்தலும் முந்தியதைவிட நீளம்.

"அத்தான், யதுவும் இதிலயோ வாறாள்?"

"ஏழு மணிக்கு வேற எதில வாறது?"

கீ என்றது. நான் கிருசாந்தனுக்குப் போன் எடுக்க, தயாபரன் என் கையில் இருந்து போனைப் பறித்தான்.

"அவனுக்கு எடுக்காதேங்கோ. நீங்கள் எடுக்கேக்குள்ள நான் ஒரு கையாலதான் ஓடினனான்."

அன்று ஜன்னல் காற்றைக் கேட்டு வேகம் சொன்ன கெட்டிக்காரன் நான். அந்தக் காற்றைக் கேட்க அவன் ஒரு கையை ஸ்ரேரிங்கில் இருந்து எடுக்கவேண்டியிருந்தது என்று எனக்கு ஓடவே இல்லை. அதுவும் மதகடி வளைவில்.

அவன் கொண்டக்டருக்கு எடுத்தான். வெருட்டவில்லை. முன்னுக்குப் போய் அவன்ர தோளில கையை வை, ஒண்டும் சொல்லாத, கையை மட்டும் வை என்றான். கொஞ்ச நேரத்தில் புள்ளி பச்சைக்கு வந்தது.

பிறகு கதிரையைப் பழையபடி திருப்பிக்கொண்டான். ஆனால் பாதிதான் திருப்பினான்.


ஜூலை 8, செவ்வாய்

இண்டைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலமை அந்தப் புள்ளி சிவப்பிலேயே வந்தது. கொண்டக்டர் இண்டைக்குப் புதுப் பொடியன், தோளில கை வைக்கச் சொன்னா விளங்கேல்லை அவனுக்கு. கோணாவில் பஸ்ஸும் பக்கத்தில. ரெண்டு புள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்தது. மதகடி வளைவு வருகுது, வருகுது, இவன் விடுறான் இல்லை. என்ர கால் மேசைக்குக் கீழ அழுத்தினது. முழு உயிரையும் வைச்சு அழுத்தினன். அப்ப பக்கத்தில டக் எண்டு ஒரு சத்தம். குனிஞ்சு பார்த்தா தயாபரன்ர செருப்புக் காலும் சீமெந்தை மிதிச்சுக்கொண்டு நிக்குது. நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச பிரேக் போடுறம். பஸ் அங்க போகுது.

புள்ளி நின்றது. வளைவில், பஸ் நிற்கிற இடம் இல்லை அது. அசையவே இல்லை.

யதுர்ஷிகாவுக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தேன். தயாபரன் ஆரின் மோட்டச்சைக்கிளோ தெரியாது, சாவி கிடந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் தனியே. ஒரு பச்சைப் புள்ளி. ஓம், பச்சை. நின்றால் பச்சைதானே. எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டு நிற்கிறது அந்த நாய்ப் புள்ளி.

எவ்வளவு நேரமோ. பிறகு போன்.

"அத்தான், பிள்ளைக்கு ஒண்டுமில்லை. என்னோட நிக்கிறாள்."

மாடு குறுக்கே வந்து, கிருசாந்தன் வெட்டி எடுத்து, பஸ் மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு சில்லை இறக்கி நின்றிருக்கிறது. ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. ஒரு அம்மாவின் கண்ணாடி உடைந்தது. யதுர்ஷிகாவின் போன் சீற்றுக்குக் கீழே போய்விட்டது. மாடு திரும்பியும் பார்க்காமல் போய்விட்டதாம்.

பின்னேரம் தயாபரன் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான். இராசமலர் மகளைத் தடவிப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள், பிறகு என்னை. மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டாள். எனக்குச் சீனி இல்லாமல். அப்படியென்றால் என்னை மறக்கவில்லை.

தயாபரன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"நான் ஓடேக்குள்ளயும் நீங்கள் இப்பிடித்தானோ இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

ஒரு பகிடியும் வரவில்லை. அவன் குடித்துவிட்டுப் போனான்.


ஜூலை 9, புதன்

கிருசாந்தனை நிற்பாட்டிவிட்டார்கள். முதலாளியே ஓடுகிறார். அவருக்கு பஸ்ஸில் கீறல் விழுந்தால் நெஞ்சில் கீறல் விழும். நல்ல றைவர்.

இனிக் கூப்பிடுவதென்றால் கொண்டக்டருக்குத்தான், றைவருக்கு ஒருவரும் எடுக்கக்கூடாது என்று தலைவரிடம் சொன்னேன். ஆர் கண்டுபிடித்தது என்று கேட்டார். அந்தா அவன் என்று முதுகைக் காட்டினேன்.


ஜூலை 15, செவ்வாய்

சீனி பரவாயில்லை. தயாபரன் கதைக்கிறான், ஆனால் வேலைக் கதை மட்டும். பளை பஸ் நிக்குது. ஓம். முல்லைத்தீவு பஸ் வந்துட்டு. ஓம். இரண்டு வானொலிச் செய்திக்காரர் போல இருக்கிறோம். நல்லதம்பி இன்னும் எங்கள் படலையில் நிற்பதில்லை.


ஜூலை 24, வியாழன்

இன்று தயாபரன் திரும்ப பஸ் ஏறினான். காலையில் இருந்து ஒரே அந்தரம். பக்கத்துக் கதிரை வெறுமையாகக் கிடந்தது, அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. புள்ளி அக்கராயனில் வெளிக்கிட்டது. பச்சை. குளக்கட்டு, பச்சை. கழுத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னலையும் பார்த்தேன், புள்ளி வர முன்னமே பஸ் அங்கே வந்து நின்றுவிடுமோ என்று.

கோணாவிலுக்கு முன்னால் புள்ளி நின்றது. நிற்கிற இடமில்லாத இடம். கால் பிரேக்கைத் தேடியது. கொண்டக்டருக்கு எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பும் கூச்சலும், பின்னால் டிங் டிங் என்று ஒரு பாட்டு. "ஒண்டுமில்லை அண்ணை, இப்ப வெளிக்கிடுறம்" என்றான். புள்ளி வெளிக்கிட்டது. கோணாவில் பஸ் முந்திக்கொண்டு போனது. அவன் விட்டான். மதகடி வளைவில் மாட்டு வண்டில் போல வந்தான்.

ஸ்ராண்டில் அவன் என் பக்கம் வரவில்லை. யதுர்ஷிகாதான் அறைக்கு வந்து, கடதாசியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தாள். பணிஸ். மேலே சீனி தூவின பெரிய பணிஸ். மாமா நடு வீதியில் நல்லதம்பியை மறித்து வாங்கினவராம், சனம் முழுக்கச் சத்தம் போட்டதாம்.

"அக்கராயன் பஸ் இப்ப உண்மையாவே பணிஸ் விக்குது எண்டு கொப்பரிட்டச் சொல்லு, வேணுமெண்டா மைக்கில சொல்லச் சொல்லு எண்டவர்" என்றாள்.

ஜன்னலால் பார்த்தேன். தயாபரன் ரயரைத் தட்டிக்கொண்டு நின்றான், வேண்டுமென்றே மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு. தோள் இரண்டும் குலுங்கியது.

மைக்கில் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அதை எனக்குத் தாங்கோ அப்பா, நீங்கள் சாப்பிடக்கூடாது" என்று யதுர்ஷிகா கையை நீட்டினாள். பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அவளைக் கடைக்கு அனுப்பினேன்.


ஜூலை 25, வெள்ளி

சீனி கூட.

ஏன் என்று எழுதவில்லை. டொக்டர் கேட்டால் மாம்பழம் என்பேன்.